விலையை இறக்கினவன்

விலைவாசியைப் பத்தி என்கிட்டச் சொல்லாதீங்க தம்பி. தக்காளி அறுபதுன்னு போன்ல யார்கிட்டயோ பேசிட்டு வந்தீங்கல்ல, காதுல விழுந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரங்க பேச்சை ஒட்டுக்கேக்கற பழக்கம் எனக்கு இல்லீங்க. ஆனா விலைன்னு ஒரு வார்த்தை விழுந்தா என் காது தானா அந்தப் பக்கம் திரும்பிக்கும். முப்பத்தி நாலு வருஷம் சிவில் சப்ளைஸ். வட்ட வழங்கல் அலுவலரா இருந்து ரிட்டயர்டு ஆனேன். ஈரோட்டுப் பக்கம் பழைய ரைஸ்மில்காரங்க யாரைக் கேட்டாலும் சென்னியப்பன்னா தெரியும். நல்லவிதமாச் சொல்ல மாட்டாங்க. ஆனா தெரியும்.

நீங்களும் ஈரோடு வரைக்குமா? அப்ப நேரம் இருக்குது. இப்பத்தானே கரூர் தாண்டியிருக்கோம்.

நான் சொல்ல வந்தது நெஜத் தக்காளி இல்லீங்க. போன்ல ஒரு வெளையாட்டு. என் வயசுக்காரங்ககிட்டச் சொன்னா சிரிக்கறாங்க. நீங்க சிரிச்சாலும் பரவாயில்லை, முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

பச்சைவயல்னு அதுக்குப் பேரு. உள்ள போனா நமக்கு அரை ஏக்கர் குடுப்பாங்க. உழணும், விதைக்கணும், அறுத்துச் சந்தைக்குக் கொண்டுபோய் மத்த ஆட்டக்காரங்களுக்கு விக்கணும். மதுரையில இருந்து ஆடறாங்க, மலேசியாவுல இருந்து ஆடறாங்க. எல்லாருக்கும் ஒரே சந்தை. பொற்காசுன்னு ஒண்ணு, அந்த ஆட்டத்துக்குள்ள மட்டும் செல்லும். வெளிய அதுக்கு ஒரு டீ கூட வாங்க முடியாது.

இதை என் போன்ல போட்டுக் குடுத்ததே மருமகதான். கோகிலவாணி. என் பையன் ஜெகதீஷோட சம்சாரம். பி.எஸ்ஸி. கணக்கு, யூனிவர்சிட்டி ரேங்க். என் சம்சாரம் போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆச்சு. பையன் தறி மெஷின் கம்பெனியில சர்வீஸ் இன்ஜினியர், மாசத்துல பாதி நாள் வெளியூர். வீட்டுல நான், கோகிலா, மூணு வயசுல பேத்தி. ரிட்டயர்டு ஆன புதுசுல எனக்குப் பொழுது போகலை. புளி எத்தனை நாளைக்கு வருது, சிலிண்டர் எத்தனை நாளைக்கு வருதுன்னு அடுக்களையில போய்ப் பார்த்து எழுதி வப்பேன். ஒரு வாரம் பார்த்துட்டு, "மாமா, உங்க போனைக் குடுங்க, ஒண்ணு போட்டுத் தர்றேன்"னா. பொழுதைப் போக்கத்தான் குடுத்தா. எனக்கு அது ஆபீஸாவே ஆயிருச்சு.

நான் சேர்ந்தப்ப அந்தச் சந்தையில ஒரு ஏர்க்காளை நானூறு பொற்காசு. ஆறே மாசத்துல ஒம்பதாயிரம். புதுசா வர்றவங்களுக்குக் கம்பெனி குடுக்கறது ஐநூறு காசு. அதை வச்சுக் காளையோட வாலைக்கூட வாங்க முடியாது. வெறுங்கையில மண்ணைக் கிளறிட்டு ரெண்டு நாள்ல ஆட்டத்தை விட்டுப் போயிருவாங்க. நான் ஒக்காந்து பார்த்தேன். எதனால ஏறுதுன்னா, தினமும் உள்ள வர்றவங்களுக்கெல்லாம் கம்பெனி சும்மாவே நூறு காசு குடுக்குது. அதோட குடோன்ல நெல்லுப் போட்டாக் காசு, மாட்டைக் குளிப்பாட்டினாக் காசு. காசு உள்ள வர்றதுக்கு எத்தனையோ வழி, வெளிய போறதுக்கு ஒரு வழியும் இல்லை. தண்ணித் தொட்டியில குழாயை மூடாம விட்டுட்டு ஊருக்குப் போன மாதிரி. தண்ணி வழியத்தானே செய்யும்?

"மாமா, அது வெளையாட்டுங்க. ஏனுங்க இத்தனை ரோசனை பண்றீங்க"ன்னு கோகிலா கேட்டா. வெளையாட்டா இருந்தாலும் விலை விலைதான் அம்மிணின்னேன்.

பதினோரு பக்கம் எழுதினேன் தம்பி. சந்தையில எது வித்தாலும் பத்துல ஒரு பங்கை வரியாப் பிடிக்கணும், பிடிச்ச காசை யாருக்கும் குடுக்காம அழிச்சுடணும். மூட்டை அடுக்கி வச்சிருக்கறவங்களுக்கு குடோன் வாடகை போடணும். அரிசிக்கும் காளைக்கும் உச்ச விலை வைக்கணும். பெங்களூருல இருக்கற கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபால்ல, ஒப்புகை அட்டையோட அனுப்பினேன். பத்து நாள் கழிச்சு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. "சார், இந்த ஆபீஸுக்கு இதுவரைக்கும் தபாலே வந்ததில்லை"ன்னுச்சு. ஆனா படிச்சிருக்காங்க. வரியைப் போட்டாங்க, வாடகை போட்டாங்க. என்னைச் சந்தைக் கண்காணிப்பாளர்னு அறிவிச்சு, ஆட்டத்துக்குள்ள என் பொம்மைக்கு நீலத் தலைப்பாகை ஒண்ணு கட்டி விட்டாங்க. சம்பளம் கிடையாது. நான் கேக்கவும் இல்லை. அன்னைக்குச் சாயங்காலம் கோகிலா கேசரி பண்ணினா.

காளை ஒம்பதாயிரத்துல இருந்து ஆறாயிரத்துக்கு வந்துச்சு. அதுக்கு மேல எறங்க மாட்டேன்னு நின்னுருச்சு.

ஏன் நின்னுச்சு? அதுக்குள்ள ஒரு கள்ளச்சந்தை. ஆட்டத்துல நிறையக் காசு சேர்த்து வச்சிருக்கற சில பேரு, புதுசா வர்றவங்ககிட்ட அம்பது ரூபா நெஜப் பணம் வாங்கிட்டு அஞ்சாயிரம் பொற்காசு குடுத்தாங்க. சும்மா கிடக்க வேண்டிய காசு சந்தைக்கு வந்தா விலை எப்படி எறங்கும்? அது ஆட்டத்தோட விதிக்கும் விரோதம். ஆதாரத்தோட புகார் குடுத்தா அந்த ஆளோட கணக்கைக் கம்பெனி நிரந்தரமா மூடிரும். நான் ஒருத்தனே ஒரு மாசத்துல இருபத்தாறு பேரைப் பிடிச்சேன்.

பிடிக்கறது பெரிய வித்தையில்லீங்க. சர்வீஸ்ல பண்ணினதுதான். ரேஷன் அரிசி விக்கற மில்லுக்கு, வேட்டி கட்டின ஒரு ஆளை வாங்கறவன் மாதிரி அனுப்புவோம். அதே மாதிரி புதுப் பேர்ல ஆட்டத்துக்குள்ள போயி, காசு வேணும்னு கேப்பேன். பணம் அனுப்பச் சொல்லுவாங்க. அனுப்பின சீட்டுதான் ஆதாரம்.

அதுல ஒரு ஆளு மட்டும் ரொம்ப நாள் சிக்கலை. வெள்ளாடுன்னு பேரு வச்சிருந்துச்சு. நல்ல பேரு எடுத்த ஆளு வேற. சொன்ன காசை சொன்ன நிமிஷத்துல குடுக்கும். கையில பணமில்லைன்னா அடுத்த வாரம் குடுங்கன்னு கடன் கூடக் குடுக்குமாம். கள்ளச்சந்தைக்காரனுக்கு நல்ல பேரு வந்துட்டா அவனை மாதிரி ஆபத்து வேற இல்லை தம்பி.

போன ஆனி மாசம், ஒரு வியாழக்கிழமை. காலையில பதினொரு மணி இருக்கும். நான் முன் ரூம்ல ஒக்காந்திருக்கேன். கோகிலா அடுக்களையில குக்கர் வச்சிருக்கா. பேத்தி என் காலடியில சொப்பு வச்சு வெளையாடிட்டு இருக்குது. வெள்ளாடு எனக்குப் பதில் போட்டுச்சு. பணம் அனுப்பறதுக்குக் கட்டம் கட்டமா இருக்குமே, அந்தப் படம் ஒண்ணு அனுப்புச்சு. அதைப் போன்ல பிடிச்சேன். யாருக்குப் போகுதுன்னு பேரு வந்துச்சு. கோகிலவாணி ஜெகதீஷ்.

ஊர்ல வேற யாராவது அதே பேர்ல இருக்கலாமேன்னு நினைச்சேன். நெஜமா நினைச்சேங்க. அம்பது ரூபாயை அனுப்பினேன். அடுக்களையில டிங்குன்னு ஒரு சத்தம்.

நான் எந்திரிச்சுப் போகலை. பன்னண்டரைக்குச் சாப்பிடக் கூப்பிட்டா. போயி ஒக்காந்தேன். "ரசம் ஊத்தட்டுங்களா மாமா"ன்னா. ஊத்துன்னேன். பீன்ஸ் பொரியல் இன்னொரு கரண்டி வச்சா. அதையும் சாப்பிட்டேன். போன் அவ இடுப்புலயே இருந்துச்சு, சேலையில செருகி. சாப்பிட்டுட்டு மூணு மணி வரைக்கும் படுத்திருந்தேன். அப்பறம் எந்திரிச்சுப் புகாரை எழுதி அனுப்பினேன்.

கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. ரெய்டுக்கு முன்னாடி தகவல் சொன்னா அது ரெய்டுங்களா? நான் என் சம்சாரத்தோட அண்ணன் மில்லுக்கே சீல் வச்சவன். தொண்ணூத்தி எட்டுல. முன்னூறு மூட்டை. என் சம்சாரம் ஒரு வருஷம் என்கூடப் பேசலை. சாப்பாடு போடுவா, பேச மாட்டா. நான் அதுக்காக சீலை எடுத்தேனா? இல்லை. வீட்டுக்கு ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயம்னு நான் இருந்ததே இல்லை. நீங்க யாரை வேணா விசாரிச்சுக்கங்க.

ரெண்டு நாள் கழிச்சு, சாயங்காலம் காப்பி நேரத்துல, கோகிலா போனைக் கையில வச்சுட்டு வந்தா. மூஞ்சி வெளுத்திருந்துச்சு.

"மாமா, என்ர கணக்கை மூடிட்டாங்க. என் பிரெண்டுக பதினோரு பேர்தும் போயிருச்சு. நீங்க கண்காணிப்பாளர்தானுங்களே, அந்தப் பெங்களூருப் பொண்ணுகிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்"னா.

எனக்குப் பொய் சொல்ல வராது தம்பி. நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன்.

அவ கேட்டா. "நான்னு தெரிஞ்சே எழுதினீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"சோறு தின்னுட்டா எழுதினீங்க, அதுக்கு முன்னாடியேவா?"

இது என்ன கேள்வின்னு எனக்குப் புரியலை. தின்னுட்டுத்தான்னேன். அதுக்குள்ள பால் பொங்குற சத்தம் கேட்டுச்சு. அவ உள்ள போயிட்டா. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் காப்பி கொண்டாந்து வச்சா. சக்கரை சரியாத்தான் இருந்துச்சு.

அன்னைக்குத்தான் மத்ததெல்லாம் சொன்னா. கூடப் படிச்ச பொண்ணுங்க பதினோரு பேரு. பவானியில ஒண்ணு, தாராபுரத்துல ரெண்டு, இப்படி. எல்லாரும் வீட்டு வேலை முடிச்சு மதியத்துல ஆடுவாங்களாம். சேர்ற காசை இவ மொத்தமா வாங்கி வித்துப் பங்கு பிரிச்சுக் குடுப்பாளாம். தினம் அத்தனை வரவு வர்றதால, பணம் அனுப்பினது யாருன்னு பேரைக்கூடப் பார்க்க மாட்டாளாம். செலவு போக இவ கையில மாசம் பதினாலாயிரம் நின்னுருக்குது. பதினாலாயிரம் தம்பி. என் வீட்டுக்குள்ள, எனக்கு எட்டடி தள்ளி. பையன் சம்பளத்தை அப்படியே என்கிட்டக் குடுத்துருவான். வீட்டுல என்ன வரவு என்ன செலவுன்னு நான் நோட்டுல எழுதாத நாளில்லை. அதுல இது ஒரு வரி இல்லை.

"உனக்கு என்ன கொறைச்சல் அம்மிணி, கேட்டு நான் எதைக் குடுக்கலை"ன்னேன்.

"குடுத்தீங்க மாமா. புதுச் செருப்பு கேட்டா, பழசைக் கொண்டாந்து காட்டச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் குடுத்தீங்க"ன்னா.

ஆமா, பார்ப்பேன். வார் அறுந்திருக்கான்னு பார்ப்பேன். தைச்சுப் போடற மாதிரி இருந்தா தைக்கக் குடுப்பேன். அதுல என்னங்க தப்பு? மூணு வருஷத்துல ஊரெல்லாம் விலை எங்கயோ போயிருச்சு, என் வீட்டுச் செலவு நூத்துக்கு ரெண்டு ரூபாதான் ஏறியிருக்குது. வேலைக்குப் போறேன்னு அவ கேட்டப்பவும் நான் வேண்டாம்னு சொல்லவே இல்லை. புள்ளை சின்னது, ரெண்டு வருஷம் போகட்டும்னுதான் சொன்னேன். ரெண்டு வருஷம் ஆனதும் இன்னும் ஒரு வருஷம்னு சொன்னேன். வேண்டாம்னு சொல்லலை.

அவ சண்டை போடலை. "நான் பண்ணினது விதிப்படி தப்புதானுங்க மாமா"ன்னு அவளே ஒத்துக்கிட்டா. மூணு நாள் எப்பவும் போல சமைச்சா, துவைச்சா. நாலாம் நாள் ஒரு பையைத் தூக்கிட்டு, புள்ளையைக் கையில பிடிச்சுட்டு, "கரூர்ல அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றேனுங்க"ன்னு நின்னா. பஸ்சுக்குப் பணம் எடுக்க பீரோவைத் திறந்தேன். "இருக்குதுங்க மாமா"ன்னுட்டு எறங்கிப் போயிட்டா. அது எந்தப் பணம்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா ஒண்ணு தம்பி. விலை எறங்குச்சு. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. வெள்ளாடு போன ஒரே வாரத்துல காளை ஆறாயிரத்துல இருந்து மூவாயிரம். அடுத்த வாரம் ஆயிரத்து இருநூறு. ஒரு மாசத்துல நானூத்தம்பது. கிட்டத்தட்ட நான் சேர்ந்தப்ப இருந்த விலை. பெங்களூருப் பொண்ணு போன் பண்ணிப் பாராட்டுச்சு. வீட்டுல சொல்லறதுக்கு ஆளில்லை. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்கிட்டப் போயிச் சொன்னேன். அவருக்கு என்ன தெரியும், நல்லதுங்கன்னு சொல்லிட்டுப் பேப்பரைத் திருப்பிட்டாரு.

அதுக்கு அப்பறம்தான் கவனிச்சேன். சந்தையில மூட்டையெல்லாம் அப்படியே கிடக்குது. முன்னெல்லாம் காலையில அரிசி போட்டா பத்து நிமிஷத்துல போயிரும். இப்ப ரெண்டு நாள், மூணு நாள் கிடக்குது. வாங்கறதுக்கு ஆளில்லை. அந்தப் பதினோரு பேரும் தினம் விதை வாங்கினவங்க, உரம் வாங்கினவங்க. அவங்ககிட்டக் காசு வாங்கினவங்கதான் புதுசாக் காளை வாங்கினவங்க. காளை நானூத்தம்பதுக்கு நிக்குது, கயித்தைப் பிடிக்க ஒருத்தரும் வரலை. சங்ககிரியில இருந்து ஒருத்தர் ஆடுவாரு, காலு வராத ஆளு, என் பக்கத்து வயல். "என்னங்கய்யா, சந்தை சாவு விழுந்த வீடாட்டம் கிடக்குது"ன்னு எழுதியிருந்தாரு. நாலு நாள் கழிச்சுப் பார்த்தா அவரு வயல்லயும் களைதான் நின்னுச்சு.

கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ஒரு நாள் காலையில திறந்து பார்த்தா வரியை எடுத்துட்டாங்க, வாடகையை எடுத்துட்டாங்க. விட்டுப் போனவங்க திரும்பி வந்தா ஆளுக்குப் பத்தாயிரம் காசு இலவசம்னு விளம்பரம் வேற. நான் போன் பண்ணினேன். "ஆட்டக்காரங்க பாதிக்கு மேல போயிட்டாங்க சார், மேல இருந்து முடிவு பண்ணிட்டாங்க"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. பாவம், அதுக்கும் வருத்தம்தான். போன வாரம் காளை பன்னண்டாயிரம். நான் எழுதின பதினோரு பக்கத்துக்கு மதிப்பே இல்லாமப் போயிருச்சு. இதுக்காகவா நான் இத்தனையும் பண்ணினேன்னு இருக்குது.

தலைப்பாகை இன்னும் இருக்குது. அதை எடுக்க மறந்துட்டாங்க போல.

அவ போயி நாலரை மாசம் ஆச்சு. ஜெகதீஷ் லீவு கிடைச்சா நேரா கரூருக்குப் போயிடறான். ஈரோட்டுக்கு வந்தா குளிச்சு, துணி எடுத்துட்டுக் கிளம்பறான். என்னை ஒரு வார்த்தை குத்தம் சொல்லலை. சொன்னாலாவது நான் பதில் சொல்லுவேன்.

இன்னைக்கு நானே போனேன். அவ அம்மா வீடு இல்லை, தனியா ஒரு போர்ஷன் எடுத்திருக்கா. திரைச்சீலை, பெட்ஷீட் ஏத்துமதி பண்ற கம்பெனியில கணக்கு வேலை. ஞாயித்துக்கிழமைங்கறதால வீட்டுல இருந்தா. "வாங்க மாமா"ன்னா, எப்பவும் போல. காப்பி குடுத்தா. பேத்தி என்னைப் பார்த்துட்டுக் கதவுக்குப் பின்னாடி போயிருச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து மடியில ஒக்காந்துச்சு.

நான் சொன்னேன். கம்பெனிக்கு எழுதி உன் கணக்கைத் திறக்கச் சொல்றேன் அம்மிணி, இப்ப எல்லாத்தையும்தான் விட்டுட்டாங்களே, பழையபடி வந்து ஆடு, நான் எதுவும் கேக்க மாட்டேன்னேன். அவ சிரிச்சா. "அது எதுக்குங்க மாமா இப்ப"ன்னா. அப்பறம் மாசம் கைச்செலவுக்கு மூவாயிரம் தர்றேன், செருப்பைக் காட்ட வேண்டாம், நோட்டும் போட மாட்டேன்னேன்.  அவ புள்ளைக்குத் தலை சீவிட்டு இருந்தா.

சீவி முடிச்சுட்டு அவளே சொன்னா. "நான் வர்றேனுங்க மாமா. நீங்களும் தனியா இருக்கறீங்க. ஆனா வேலையை விட மாட்டேன். எங்க கம்பெனிக்கு ஈரோட்டுலயும் ஆபீஸ் இருக்குது, மாத்தல் கேட்டாக் குடுப்பாங்க. சம்பளம் என் கையில இருக்கும். சரின்னு சொல்லுங்க, அடுத்த மாசமே வந்தர்றேன்."

வேற ஒண்ணும் கேக்கலை தம்பி. அவ்வளவுதான் கேட்டா. நானும் அதுக்குத்தானே போனேன்? சரின்னு சொல்லறதுக்குத்தான் நானும் வாயைத் திறந்தேன்.

"எத்தனை சம்பளம் வருது"ன்னு கேட்டுட்டேன்.

வாயில அதுதான் வந்துச்சு. வேணும்னு கேக்கலை. முப்பத்தி நாலு வருஷம் எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, எத்தனை ரூபான்னு கேட்டே பழகின வாயி. அவ என்னைப் பார்த்தா. கோவமாப் பார்க்கலை. சீப்பை எடுத்துட்டு உள்ள போயிட்டா. உள்ள பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுச்சு. நான் கால் மணி நேரம் ஒக்காந்திருந்தேன். மறுபடியும் வெளிய வந்து, "பஸ்சுக்கு நேரமாகுதுங்களா மாமா"ன்னா. ஆமான்னு எந்திரிச்சுட்டேன்.

சரின்னு சொல்ல இப்பவும் முடியும். போன்ல சொன்னா அது நல்லா இருக்காது. நேர்ல சொல்லணும்.

இது எது, கொடுமுடியா? டீக்குப் பத்து நிமிஷம் நிப்பாங்க. எதிர்த்தாப்புல கரூர் பஸ் ஒண்ணு நிக்குது பாருங்க, காலியாத்தான் இருக்குது. எறங்கி ஏறினா ஆறு மணிக்குள்ள போயிரலாம். நீங்க டீ குடிக்கப் போங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்.

வந்துட்டீங்களா? அந்த பஸ் கிளம்பிருச்சு. நான் எந்திரிச்சேங்க, எந்திரிச்சுப் படி வரைக்கும் போனேன். போயிச் சரின்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கணும்னு மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டு இருந்தேன், அதுக்குள்ள விசில் அடிச்சுட்டான்.

அடுத்து எங்க நிக்கும், ஊஞ்சலூரா? அங்க எறங்கினாலும் கரூர் பஸ் கிடைக்குமில்லைங்க?